கமிட்டிக்கு மட்டும்

ஜனவரி 20, 2025

சிம்ராவுக்கு உயிரியலில் 91. பத்தாம் வகுப்பிலேயே அதுதான் முதல் மதிப்பெண். நம்பாமல் என் கையிலிருந்து விடைத்தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு ஒரு குதி குதித்தாள்.

கதவு ஏன் என்று எனக்குத் தெரியும். சிறப்பு உதவி ஆசிரியையான என் அறைக்கு அவள் வருவது வகுப்பில் யாருக்கும் தெரியாது. அச்சில் இருக்கும் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறி இடம் மாறித் தெரியும். கேள்வியை யாராவது வாசித்துச் சொன்னால் போதும், பதில் தண்ணீர் பட்ட பாடு. அதனால் பரீட்சையில் அவளுக்குத் தனி அறை, வாசித்துச் சொல்ல ஓர் ஆள், கூடுதலாக இருபது நிமிடம். தோழிகளிடம், ‘ஆஸ்துமா, ஏசி ஹால் ஒத்துக்காது’ என்று கதை விட்டிருக்கிறாள். கேடி!

“யாருக்கும் தெரியாதுல்ல மிஸ்?”

“சத்தியமா தெரியாது” என்றேன்.

ஜனவரி 27

சாதனையாளர் விழாவுக்குப் பரிந்துரைப் படிவம் வந்தது. உயிரியல் பரிசுக்கு சிம்ரா பெயரை எழுதினேன். கடைசியில் ‘கமிட்டிக்கு மட்டும்’ என்று ஒரு கட்டம். இரண்டு வரி எழுதினால் போதும். எனக்குக் கை நிற்கவில்லை. இங்கே சேர்ந்த புதிதில் ஒரு பத்தி வாசிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, முடித்ததும் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தது, எல்லாம் எழுதினேன். பெருமைதான், வேறென்ன.

கமிட்டியில் பிரின்சிபாலும் ஹம்சினியும் இருக்கிறார்கள். விழாப் பொறுப்பு ஹம்சினிதான். பதினோரு வருஷமாக மந்தைவெளியிலிருந்து பாலவாக்கம் வரை பள்ளி வேனில் என் பக்கத்து சீட். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள்.

“படிச்சுட்டு அழுதுட்டேன் விஜி” என்றாள் சாயங்காலம்.

பிப்ரவரி 13

நாளை விழா. சிம்ராவின் அப்பா அன்வர் பாஷா தி.நகரில் பைக் கடையை அடைத்துவிட்டு வருகிறாராம்.

பிப்ரவரி 14

உயிரியல் பரிசு விக்கிக்கு. விக்கிக்கு 88!

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எழுந்திருக்கப் போனேன். அதற்குள் ஹம்சினி மைக்கில், “இந்த ஆண்டின் விடாமுயற்சி விருது...” என்று சிம்ராவைக் கூப்பிட்டாள். கூப்பிட்டு, ஒரு தாளை வாசித்தாள். எழுத்து இடம் மாறுவது. தனி அறை. வாசித்துச் சொல்ல ஆள். முக்கால் மணி நேரம். வாந்தி. கமா கூட மாறவில்லை, அத்தனையும் நான் எழுதியது.

அறுநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிம்ரா கேடயத்தை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே இறங்கி வந்தாள்.

வாசலில் அன்வர் பாஷா என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னா மிஸ் இது? பரிசுன்னீங்கோ. அல்லாரும் கை தட்றாங்கோ, எம் பொண்ணு அழுதுகினு கீது. எனுக்கு ஒண்ணுமே புரியலியே.”

எனக்குப் புரிந்தது.

பிப்ரவரி 15

ஹம்சினி நாலு தடவை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 17

வேனில் கேட்டேவிட்டேன். மந்தைவெளியிலேயே மெட்ரோ தோண்டல், வண்டி நகரவில்லை. அவளும் எங்கே ஓடுவாள்?

“உள்ளதைச் சொல்றேன் விஜி, கோச்சுக்காதே. வாசிச்சுக் காட்டி, டைம் ஜாஸ்தி கொடுத்து வாங்கின மார்க். அதை மத்த கொழந்தைகள் மார்க்கோட எப்படி ஒண்ணா வெக்கறது? விக்கி அம்மா வந்து கேட்டா என்ன பதில் சொல்றது? அதான் இந்த விருதுக்கு மாத்தலாம்னு நான்தான் சொன்னேன். எத்தனை பேர் கண்ணைத் தொடச்சுண்டா, பார்த்தியோ?”

“கமிட்டிக்கு மட்டும்னு போட்டிருந்ததே ஹம்சினி?”

“நல்லதாத்தானேடி எழுதியிருந்தே!”

பாவி. கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான். படித்துவிட்டு அழுதாளாமே, அந்தக் கண்ணீர் எதற்கு? பதினோரு வருஷம் என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து வந்தாளே — நான் செய்வது குறுக்கு வழியில் மார்க் வாங்கித் தருகிற வேலை என்றா அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்?

பிப்ரவரி 19

சிம்ரா வந்தாள். உட்காரவில்லை.

“நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா” என்றேன்.

“வாந்தி எடுத்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் மிஸ்.”

ஹம்சினி பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? தாளில் எழுதியது நான். சத்தியம் பண்ணி ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேணும். நன்னா வேணும்.

மார்ச் 6

மே மாதம் நடக்கும் சர்வதேசப் பாடத்திட்டப் பொதுத் தேர்வுக்கு சிம்ராவின் சம்மதப் படிவம் வந்தது. தனி அறை: வேண்டாம். வாசிப்பவர்: வேண்டாம். கூடுதல் நேரம்: வேண்டாம். கீழே அப்பா கையெழுத்து.

போன் செய்தேன். “சொல்லிப் பாத்துட்டேன் மிஸ். அந்த ரூமுக்குப் போனா திரும்பவும் மைக்குல சொல்லுவாங்கோன்னுது. நான் இன்னா பண்ண?”

பிரின்சிபாலிடம் ஓடினேன். பிள்ளையின் விருப்பத்தை மதிக்க வேண்டுமாம். இப்போது மட்டும்!

ஏப்ரல் 2

ஹம்சினிக்கு மேல்நிலைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. ஸ்டாஃப் ரூமில் கேக். நானும் ஒரு துண்டு தின்றேன். வெட்கம் கெட்டவள் நான்.

மே 13

கத்திரி வெயில். உயிரியல் தேர்வு. பெரிய ஹாலில் எனக்குக் கண்காணிப்பு.

சிம்ரா நடு வரிசையில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தாள். பக்கத்துப் பெண் திரும்பினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அப்புறம் வரியின் தொடக்கத்துக்கே விரல் திரும்பிப் போகும். நான் நடந்தேன், நின்றேன், நடந்தேன். ஒரு சொல்லைக்கூட வாசித்துக் காட்ட எனக்கு அனுமதியில்லை.

மணி அடித்தபோது கடைசி இரண்டு கேள்விகள் அப்படியே இருந்தன. எல்லாரும் வெளியேறும் வரை உட்கார்ந்தே இருந்தாள். தாளை எடுக்கப் போனபோது கடைசிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுல என்ன கேட்டிருந்தாங்க மிஸ்?”

வாசித்துக் காட்டினேன். இரண்டே வரி. சிறுநீரகம் இரத்தத்தை எப்படிச் சுத்திகரிக்கிறது என்று.

“ஐயோ, இதுவா?” என்றாள்.