படம் மூன்றும் படம் நான்கும்

நவம்பர் 11, 2002

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். விடிந்ததிலிருந்து பனி. எதிரே சில்வர் ஓக் மரங்கள் இல்லை, அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகள் இல்லை. மலைமேல் இந்த வளப்பூர் நாடே பாலில் ஊறுகிறது.

நேற்று நுண்ணோக்கிக்குக் கண்ணாடித் துண்டு வாங்க நாமக்கல் இறங்கினேன். புத்தகக் கடையில் ரா. எழுதிய பாடநூல். நான் பாடம் நடத்திய கல்லூரியில் எனக்கு எதிர்மேசைக்காரன். உட்கரு அத்தியாயம் முழுக்க நான் பென்சிலில் வரைந்த படங்கள். நன்றி சொன்ன இடத்தில்கூட என் பெயர் இல்லை. போகட்டும். மூன்றாம் படத்தையும் நான்காம் படத்தையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். செல் முதலில் பிளக்கிறதாம், அப்புறம்தான் உட்கரு உருமாறுகிறதாம். திருடினவனுக்கு வரிசை தெரியவில்லை. பிள்ளைகள் இதை உருப்போட்டுத் தேர்வு எழுதும்.

பதிப்பாளருக்கு எழுத வேண்டும். அதற்கு முன் இன்னொரு முறை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வாங்க: பிளேடு, தபால் உறை, சீரகம்.

நவம்பர் 12

தூறல். போன மாதம் ஈரமணலில் நட்ட மிளகுக் குச்சிகளைப் பிடுங்கினேன். எல்லாம் பக்கக்கிளை. வீட்டுக்காரர் வெள்ளையனின் மனைவி பழனியம்மா வாசலில் நின்று சிரிப்பு.

“ஏனுங்க சாமி, பக்கக்கெளைய நட்டா மரம் ஏறாதுங்களே. கீழயே குந்திக்கிட்டுக் காய்க்கும்.”

“தெரியுங்க.”

“தெரிஞ்சேதான் நட்டீங்களா? அதுஞ்சரி. நீங்களும் குந்திக்கிட்டே பறிச்சுக்கலாம்.”

மேலே இருக்கும் தளிர், தான் பக்கக்கிளை என்பதை மறக்காது. ஆனால் மணலுக்குள் இருக்கும் வெட்டுவாயில் தண்டு செல்கள் தண்டு என்பதை மறந்து வேராகின்றன. ஒரே குச்சி. எனக்கு வேண்டியது அந்த மறக்கிற இடம்.

நவம்பர் 14

நல்ல வெயில், கொஞ்ச நேரம். ஜன்னலோரம் நுண்ணோக்கி. வெட்டுவாயைச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, குனிந்தேன். பிறகு எழுந்ததாக நினைவில்லை.

தண்டு செல்லில் உட்கரு சுவரோரம் ஒட்டிக் கிடந்தது. சிறியது, உள்ளே கருந்திட்டுகள். வெட்டுவாயை நெருங்க நெருங்க அது சுவரை விட்டு நகர்ந்திருந்தது. மெல்லிய இழைகளில் தொங்கியபடி செல்லின் நடுவே, உருண்டு, உப்பி. கருந்திட்டுகள் கரைந்து, பனிக்குள் மரம் போல ஓரம் மட்டும். செல் இன்னும் பிளக்கவில்லை. தண்டும் இல்லை, வேரும் இல்லை. சும்மா, திறந்து கிடந்தது. அதற்குள் நடந்து போகலாம் போலிருந்தது. போனேன் என்றும் தோன்றுகிறது.

முதலில் திறப்பு. பிறகே பிளவு. என் வரிசைதான் சரி.

சோறு ஆறிவிட்டது. படம் வரைந்தேன்.

நவம்பர் 15

மீண்டும் பனி. கடிதம் எழுதியாயிற்று. படித்தால் உட்கரு கடைசிப் பத்தியில்தான் வருகிறது. மற்றதெல்லாம் ரா. அவன் பதவி உயர்வு, அவனிடம் இருந்த என் அலமாரிச் சாவி, என் பிரிவு உபசாரத்துக்கு அவன் வராதது. எல்லாம் உண்மை.

வெள்ளையன் எட்டிப் பார்த்தார். “மனுவுங்களா?”

“ஒருத்தர் செஞ்ச தப்பைச் சொல்லி எழுதறேன்.”

“பேரு போட்டீங்களா? நம்ம திருப்பத்துல பஸ்ஸு நிக்கலைன்னு நான் பேரு போட்டு எழுதுனேனுங்க. உனக்கும் கண்டக்டருக்கும் என்ன தகராறுன்னு என்னையத்தான் விசாரிச்சாங்க. மறுக்கா மொட்டையாப் போட்டேன். இப்ப நிக்குதுங்க.”

மொட்டைக் கடிதம் கோழைகள் எழுதுவது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதே எண்ணம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டால் பழைய பகை என்று ரா. ஒரு வார்த்தை சொல்வான். கடிதம் குப்பைக்குப் போகும். படங்கள் அப்படியே அச்சாகும்.

பெயர் இல்லாவிட்டால் அந்தப் படங்கள் இனி என்றைக்கும் என்னுடையவை ஆகாது.

நவம்பர் 16

தூக்கம் வரவில்லை. வந்தபோது அறை முழுக்கச் சிவப்பு, நான் இழையில் தொங்கிக்கொண்டு.

காலையில் ரா. வரும் பக்கங்களை அடுப்பில் போட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் திருத்தி எழுதினேன்: மூன்றும் நான்கும் மாறிவிட்டன, மிளகுத் தண்டைச் சீவிப் பார்க்கவும். புதுப் படத்தை உடன் வைத்து உறையை ஒட்டினேன். பதிப்பாளர் அதை ரா.விடம்தான் அனுப்புவார். கோடு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தெரியட்டும். வெளியே சொன்னால் மற்றப் படங்கள் யாருடையவை என்ற கேள்வி வரும், அதனால் சொல்லவும் முடியாது.

பெயர் போடவில்லை. அடுத்த பஸ் வருவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.