கல்யாணப் பரிசாகக் கொடுத்த காலை டியூட்டி

தம்பி,

இன்று வேலைக்கு வரும் வழியில் சீனர் கடையில் கோப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. அந்தக் கடையில்தான் காலையில் பால் சேர்க்காத கோப்பி ஓ இரண்டு கோப்பை குடித்துவிட்டும், எதிரில் நிற்கும் என்னையே தேடுவாய்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகளில் உன்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பாய். ஒரு காலில் என் செருப்பு இருக்கும். வெயில் சாய்ந்துவிட்டால் நீ வேறு ஆள். இருபது வேகன் வந்தாலும் எதில் ஈயம், எதில் ரப்பர், எது எந்தத் தண்டவாளத்துக்கு என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வாய். சாயங்கால டியூட்டியில் உன் கை தண்டவாளம் மாற்றும் லீவர் ஒன்றைத் தப்பாக இழுத்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் மூளை விழிக்கும் நேரம் வேறு என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். அதைப் பெரிய ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன், மடையன்.

நம் யார்டில் புது மாப்பிள்ளைக்குக் காலை டியூட்டி கொடுப்பது வழக்கம். சாயங்காலம் பெண்டாட்டியோடு இருக்கட்டும் என்று யாராவது ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். உனக்கு நான் கொடுத்தேன்.

"வேணாம்ணே. காலையில எனக்குக் கண்ணுதான் தொறக்கும். புத்தி தொறக்கப் பத்து மணியாவும்."

"பெண்டாட்டி எழுப்பினா எல்லாம் தொறக்கும் லா, போடா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நீயும் சிரித்தாய்.

காலை டியூட்டி ஏறிய ஒன்பதாம் நாள் விடியலில், இரண்டாம் தண்டவாளத்துக்குப் போகவேண்டிய வண்டியை மூன்றாவதுக்குத் திருப்பிவிட்டு, நீயே மூன்றாவதில் இறங்கி நடந்தாய். நான் ஓடிவந்தபோது உன்னைச் சாக்கால் மூடியிருந்தார்கள்.

நின்றபடியே தூங்கியிருப்பான் என்று துரை எழுதிக்கொண்டார். நீ வேண்டாம் என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

காரியம் முடிந்து உன் மனைவி ஊருக்குக் கப்பலேறினாள். கிள்ளானைத் தாண்டித் துறைமுகம்வரை நான்தான் கூடப் போனேன். மூட்டையை வாங்கும்போது கேட்டாள்.

"அண்ணே, அதுக்கு முந்தின நா ராத்திரி நான்தான் அவரத் தூங்கவிடாமப் பேசிக்கிட்டிருந்தேன். அதனாலதானே?"

இல்லையம்மா, நான்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். கப்பல் சங்கு ஊதியது. மூட்டையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என் தப்பைத் தன் தப்பென்று நம்பிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

அவள் விலாசம் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு எழுதத்தான் உட்காருகிறேன், தம்பி. ஒவ்வொரு தடவையும் உனக்கே எழுதி முடிக்கிறேன்.