ஐந்தாம் பக்கத்துச் செய்தி

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள். சென்னையில் நான் நலம்.

போன வாரம் நம் ஊர்ச் செய்தி ஒன்று திருத்துவதற்கு என்னிடம் வந்தது. கல்வராயன்மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்த பெண், ஒரு கட்சிப் பிரமுகர் தன்னை வன்புணர்வு செய்ததாகப் புகார் கொடுத்திருந்தாள். போலீஸ் இன்னும் வழக்குப் பதியவில்லை.

"எலெக்‌ஷன் நேரம் ஹப்சா. கட்சி ஆபீஸ்லேர்ந்து ரெண்டு போன் வந்துடுச்சு, பாத்துப் போடும்மா" என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். நான் வாதாடவில்லை. வன்புணர்வைத் 'தகராறு' ஆக்கினேன். கட்சியின் பெயரை எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பக்கத்தில் அப்படியே அச்சாகி வந்தது.

நேற்று நம் ஊர் நிருபர் சுபைர் அண்ணன் போன் செய்தார். "இன்னாம்மா எழுதிக்கிற? ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணுகிட்ட நம்ம பேப்பரத்தான் நீட்டினாங்க. 'இதுலயே தகராறுன்னுதான் போட்டுக்கீது, நீ இன்னா புதுசா சொல்ற'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

நீங்கள் பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். மகள் வேலை பார்க்கும் பேப்பர் என்று தினமும் எடுத்து அடுக்கி வைக்கிறீர்களே, அதில் செவ்வாய்க்கிழமைப் பேப்பரை எரித்துவிடுங்கள். நம் கடையில் பொட்டலம் மடிக்கவும் வேண்டாம். மலையிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் கையில் அது போய்ச் சேர வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.
ஹப்சா