அத்தானின் ஆற்றங்கரை ஊர்

1914 அக்டோபர், புதன் இரவு. பிரிக்ஃபீல்ட்ஸ்.

தூக்கம் வரவில்லை. ஜெர்மனியோடு சண்டை நடப்பதால் அத்தானை இன்று போலீஸ் பிடித்துவிட்டது. அம்பாங் ஈயச் சுரங்கத்தில் பம்பு பார்ப்பவர். எந்த வம்புக்கும் போகாதவர், ஆனால் ஜெர்மன்காரர். சிங்கப்பூர் காவல் முகாமுக்கு அனுப்புகிறார்களாம்.

ரயிலடியில் அக்கா அவர் கையை விடவேயில்லை.

"உங்க ஊருக்கே திருப்பி அனுப்பிட்டா நானும் வரேன். உங்கம்மாகிட்ட என்னைப் பத்திச் சொல்லியிருக்கீங்கதானே?"

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அந்த ஊரைப் பற்றி அத்தான் பேசாத நாளில்லை. மோசல் ஆற்றங்கரையில் சின்ன ஊர். மலைச்சரிவெல்லாம் திராட்சை, அக்கரை போக ஒரே படகு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பார்.

இன்று குனிந்துகொண்டே சொன்னார், "அங்க ரொம்பக் குளிரும், ரோசா. சில வருஷம் ஆறே உறைஞ்சிரும். நீ தாங்க மாட்டே."

ரயில் போய்விட்டது.

திரும்பி வரும்போது அக்கா கேட்டாள், "பாசார்ல கம்பளி நூல் கிடைக்குமாடி?"

"கிடைக்கும்க்கா" என்றேன்.

வேறென்ன சொல்வது? அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று அவள் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அது அவளுக்கு உறைக்கவில்லையா, இல்லை எனக்காகத்தான் அப்படிப் பேசினாளா? பக்கத்து அறையில் இன்னும் புரண்டுகொண்டிருக்கிறாள். எழுந்து போய்க் கேட்கலாம். கேட்டால், இதுவரை உறைக்காததும் உறைத்துவிடுமே; போகவில்லை.