விரலுக்கு எட்டிய எழுத்துகள்

ஜூன் 11
கஞ்சி ஊட்டினேன். பாதி தலையணைக்குப் போனது. பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு நாக்கு சொன்னபடி கேட்பதில்லை. மட்டாஞ்சேரியில் சாக்குக் கடை வைத்து நாள் முழுக்கப் பேரம் பேசிய மனிதர்.

ஜூன் 12
பேச்சுப் பயிற்சி தர வரும் மாளவிகா மலையாள எழுத்து அட்டை ஒன்று கொடுத்தாள். எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டுமாம். ஐம்பதுக்கு மேல் எழுத்து. அது போகக் குறிகள், கூட்டெழுத்துகள். எல்லாம் பொடிக் கட்டங்கள். இவருடைய இடது விரல் நடுங்கிப் பக்கத்துக் கட்டத்தில் போய் விழுகிறது. ஒரு சொல்லும் தேறவில்லை.

"சேச்சி, நாம சொல்றதே அவருக்குப் புரியலையோ என்னவோ. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்னா நிறுத்திக்கலாம்" என்று போகும்போது சொன்னாள்.

புரியாமலா என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்?

ஜூன் 13
"அம்மா, ஹவாய் மொழிக்கு மொத்தமே பதிமூணு எழுத்தாம். சைனாவுல ஆயிரக்கணக்குல" என்றாள் மகள் லமியா, போனைப் பார்த்து. பதிமூன்றா? அதை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவார்கள்?

கட்டங்களைப் பெரிதாக்கினால் மலையாள அட்டை கை எட்டாத அளவுக்குப் போகிறது. இங்கிலீஷ் இருபத்தாறுதான், இவருக்குத் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஜூன் 14
காலையில் வைப்பினிலிருந்து இவருடைய அக்கா ஜொஹரா பீவி வந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, "அரபி எழுத்துல போட்டுக் குடு அன்ஸியா. சின்னதுல நாங்க வீட்டுக்குத் தமிழ்க் கடுதாசி அதுலதானே எழுதுவோம்" என்றார்.

கல்யாணமாகி இருபத்தொரு வருடம் இவரோடு ஒரே வீட்டில். எனக்குத் தெரியவே தெரியாது. அரபி எழுத்து ஓதுவதற்கு மட்டும் என்றே இருந்துவிட்டேன்.

லமியா அரபி எழுத்து இருபத்தெட்டையும் பெரிய கட்டங்களில் எழுதினாள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அக்கா சில எழுத்துகளில் கூடுதல் புள்ளி வைத்தார்.

மாலையில், மாளவிகா பார்க்க, விரல் நகர்ந்தது. நூன். வாவ். திரும்பவும் வாவ்.

"நோவு" என்று வாசித்தார் அக்கா. நூன் 'ந'; வாவ் ஒன்றே 'ஓ'வுக்கும் 'வு'வுக்குமாம்.

எங்கே என்று கேட்டேன். விரல் அட்டையை விட்டு வலது தோளுக்குப் போனது. விளங்காமல் போன கை. உணர்ச்சியே இல்லை என்று நினைத்து, தினமும் குளிப்பாட்ட அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்துத் தூக்குகிறோம். அப்போதெல்லாம் அழுவார். மனவேதனை என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யா அல்லா, என்ன காரியம் பண்ணிட்டேன் — நோவுதுன்னு சொல்லக்கூட வழியில்லாம கிடந்திருக்காரே —

மாளவிகா திங்கட்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 15
முதுகில் கை கொடுத்துத் தூக்கினோம். அழவில்லை. குளித்து முடித்ததும் அவராகவே அட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.