சாம்பல் நீலம்

பிப்ரவரி 3

கூடத்துக்குக் கம்பளம் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான், தலையாட்டியது இவர். அப்பாவின் அறை வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை நீளமாகக் கிடக்கிற அந்தச் சணல் விரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் நான் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கருக்கிய இடம் வேறு. யாராவது வந்தால் அதன் மேல் நாற்காலியை இழுத்துப் போட்டு மறைக்கிறேன்.

அச்சகத்தில் நாள் முழுக்க நிறம் பார்ப்பதுதான் என் வேலை. மஞ்சள் ஒரு துளி கூடினால் தாளைத் திருப்பி அனுப்புகிறவள். என் வீட்டுத் தரை மட்டும் மாட்டுக் கொட்டகை மாதிரி.

பிப்ரவரி 11

மூன்றாவது கடை. சிவப்பு, இல்லையென்றால் பூ. பூ இல்லையென்றால் சிவப்பு. இவர் வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ தேடறது கம்பளமா, மாப்பிள்ளையா?"

பிப்ரவரி 19

இன்று அப்பாவையும் கூட்டிப்போனேன். அவர் வெளியே வந்து எத்தனையோ மாதமாகிறது. தெரு முழுக்க என் கையை விடவே இல்லை. "அப்பாவுக்குப் பாசம் பொங்குது" என்று இவர் கிண்டல்.

கடையில் ஒரு கூத்து. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, விரித்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார். காய்கறி பொறுக்குகிற மாதிரி. கடைசியில் ஒன்றில் நின்றுவிட்டார். காய்ந்த கடுகு நிறம், வரிவரியாக மேடு, கயிறு வைத்துத் தைத்த ஓரம்.

"இது நல்லா இருக்கு பாப்பா. ஓரம் எவ்வளவு தடிப்பு, பாரு."

"அப்பா, நாம வீட்டுக்கு வாங்கறோம். பஸ்சுக்கு இல்ல."

நானும் இவரும் சிரித்தோம். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவருக்கு வேறு என்ன தோன்றும்? கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, செருப்பை அப்பாவின் காலடியில் நகர்த்தி வைத்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

பிப்ரவரி 20

கிடைத்துவிட்டது! அதே கடை, உள்ளறை. சாம்பல் நீலம். பாதி சாம்பல், பாதி நீலம் என்றில்லை, இரண்டும் கரைந்தது. ஓரம் அவ்வளவு மெல்லிசு. தரை எங்கே முடிகிறது, கம்பளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

பிப்ரவரி 27

விரித்தாயிற்று. அதற்காக மேசையை ஜன்னலோரம் தள்ளினோம். கூடம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. பழையதை வாட்ச்மேன் எடுத்துப் போனார். கம்பளம் அழுக்காகாமல் இருக்க அப்பாவுக்கு மெத்தென்று ஒரு வீட்டுச் செருப்பும் வாங்கிவந்தேன்.

அப்பா அறை வாசலில் நின்று, "அருமையா இருக்கு பாப்பா. சிவப்புன்னா உனக்குச் சின்னதுல இருந்தே உசுராச்சே" என்றார். கடுகு நிறத்தை வாங்காததற்குப் பழிவாங்கல். குசும்பு இன்னும் போகவில்லை.

மார்ச் 2

அப்பா டீயை அறைக்கே கொண்டுவரச் சொல்கிறார்.

மார்ச் 9

இப்போது சாப்பாடும் அறையில்தான். பத்து நாளாக மேசைக்கு வரவில்லை. ஒரு கம்பளத்துக்கு இவ்வளவு முறுக்கா? எனக்கும் பொறுமை போய்விட்டது.

"புடிக்கலைன்னா நேரா சொல்லுங்கப்பா. இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. ஆசைப்பட்டு வாங்கினேன், அதுல ஒரு நாளாவது வந்து உக்காந்தீங்களா?"

"புடிச்சிருக்கும்மா. கால்தான் கொஞ்சம் வலி."

கால் வலியாம். தட்டை வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

இயந்திரம் பழுது, மத்தியானமே வந்துவிட்டேன். கதவைத் திறந்தால் அப்பா கூடத்து நடுவில் நிற்கிறார். செருப்பு இரண்டும் கையில். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் கம்பளத்தைத் தடவுகிறார், முன்னால், பின்னால், பக்கத்தில். எதையோ தேடுகிறார். எல்லா இடமும் ஒரே மெத்து. மேசை இருந்த பக்கம் நான்கு அடி வைத்தார். மேசை அங்கே இல்லை. நின்றுவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். நேராக, என் முகத்தை.

"யாரு? மாப்பிள்ளையா?"

அய்யோ. என்னத்தப் பார்த்தேன் நான் இத்தன நாளா? கைய விடாம நடந்தாரே — சிவப்புன்னாரே — எல்லாத்துக்கும் சிரிச்சேனே! நிறம் பாக்கறவளாம் நிறம்.

மார்ச் 16

கண் மருத்துவமனை. கண்ணில் அழுத்தம், பல வருடமாக இருந்திருக்கிறது. வலது கண் முழுதும் போய்விட்டது. இடதில் ஒரு குழாய்க்குள் பார்க்கிற அளவு மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற மூன்று வேளை சொட்டு மருந்து. "ஒரு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா, இடது கண்ணுல நிறைய மிச்சம் இருந்திருக்கும்" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வரும்போது காரில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"முப்பத்தொரு வருஷம் ஒருத்தர் மேலயும் உரசாம வண்டி ஓட்டினவன். கண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்வேன்? அந்தப் பழைய விரிப்பு இருந்த வரைக்கும் ஓட்டிட்டேன் பாப்பா. கருகின இடம் காலுக்கு வந்தா இடது பக்கம் குளியலறை. ஓரம் முடிஞ்சா மேசை."

அன்று கடையில் அவர் கேட்டது இவ்வளவுதான். ஒரு தடித்த ஓரம்.

மார்ச் 17

வாட்ச்மேனிடம் போனேன். சணல் விரிப்பை வெட்டி மாடிப்படியில் தளத்துக்கு ஒன்றாக மிதியடி போட்டிருக்கிறார். கருகிய துண்டு எங்கள் தளத்தில், எங்கள் வாசலுக்கு எதிரே. இத்தனை நாளும் அதில்தான் செருப்பைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறேன்.

மார்ச் 19

கடைக்குப் போய் அந்தக் கடுகு நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரருக்கு உடனே ஞாபகம் வந்தது.

"அப்பா காலால பார்த்தாரே, அதுதானே மேடம்? பார்வை இல்லாதவங்க அந்த மாதிரி ஓரம்தான் கேப்பாங்க. நீங்க மறுநாள் வேற எடுத்தப்ப, சரி, அது வேற ரூமுக்குப் போலன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம்."

கால் மணி நேரம் பார்த்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 30

மேசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அறை வாசலிலிருந்து மேசை வரை கடுகு நிறம். குளியலறைக்குத் திரும்பும் இடத்தில் கருகிய துண்டைத் துவைத்துத் தைத்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை, இருக்கட்டும். சாம்பல் நீலம் சுருட்டி மூலையில் நிற்கிறது.

இன்று அப்பா டீ குடிக்க மேசைக்கு வந்தார். முன்பு போல விறுவிறுவென்று இல்லை. மறைக்க வேண்டியதில்லை என்றானபின் கையையும் முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடக்கிறார். அந்தக் கையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"பாப்பா, நீ ஆசையா வாங்கினியே, அது என்ன நிறம்?"

கம்பளத்தின் ஒரு முனையை இழுத்துவந்து அவருடைய இடது கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். கிட்டே, இன்னும் கிட்டே.

"தெரியலம்மா. நீயே சொல்லு."

"சாம்பல் நீலம்ப்பா."

"அப்படின்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடம் இதே வேலை, ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவே யோசித்துவிட்டுக் கேட்டார்.

"மழை புடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோடு ஒரு மாதிரி ஆகுமே, அதுவா?"

அதுவேதான்.

"ஆமாப்பா."

"நல்ல நிறம்தான்" என்றார். டீயைக் குடித்து முடித்து எழுந்தார். காலால் ஓரத்தைத் தேடி, பிடித்து, அறைக்கு நடந்தார். நான் கம்பள முனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.