மதினி பேசும்போது பக்கத்தில் இருந்தவர்கள்

என் சுபா மதினிக்கு,

நாத்தனார்க்காரி அண்ணன் பெண்டாட்டிக்கு ஆசையாகக் கடிதம் எழுதினாள் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள். ஆசையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டாலஸ் பக்கம் காப்பெலில் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் நியூ ஜெர்சிக்கு, என் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுக்குத் திரும்பினேன். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

முதல் செய்தி, உங்கள் வீட்டுக்காரர் பேச்சாளர் ஆகிவிட்டார். சிரிக்காதீர்கள் மதினி, நிஜம்தான். அண்ணன் என்பதால் 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன், அதற்குமேல் கை வரமாட்டேன் என்கிறது. இனி 'அவன்'தான்.

நீங்கள் உங்கள் உயிரை நீங்களே முடித்துக்கொண்டபோது அவன் ஊருக்குச் சொன்னது ஹார்ட் அட்டாக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? விஷயம் வெளியே கசிந்ததும் ஆளே மாறிவிட்டான். இப்போது டாலஸ் பக்கத்துத் தமிழ்க் கூட்டங்களில் மனநல விழிப்புணர்வு என்று மைக்கைப் பிடிக்கிறான். உங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று எழுதிவைத்திருக்கிறான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அந்தப் படத்தில் நீங்கள் கட்டியிருப்பது என் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டு.

மனம் விட்டுப் பேசவா? நீங்கள் பேசப் போன கதையை மறந்துவிட்டானா அவன்?

நான் மறக்கவில்லை. உங்களுக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், குளிக்கவே எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, டாக்டர் சொல்லி, தமிழ் பேசுகிற கவுன்சிலர் ஒருவரை நீங்களேதான் தேடிக் கண்டுபிடித்தீர்கள். தனி ஆளுக்கு, தம்பதிக்கு, குடும்பத்துக்கு என்று மூன்று வகையாக ஆலோசனை சொல்லுகிறவர். நீங்கள் கேட்டது தனி ஆளுக்கானது. வீடியோவில் பேசினால் போதும் என்றதும் அண்ணன் லேப்டாப்பைக் கொண்டுவந்து டைனிங் டேபிளில் வைத்தான்.

அன்றைக்கு தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்காக நான் அங்கே வந்திருந்தேன். அந்தக் காட்சியை என்னால் என்றைக்கும் மறக்க முடியாது. நடுவில் நீங்கள். லேப்டாப்புக்கு அந்தப் பக்கம், கேமராவில் விழாத இடத்தில் அண்ணன். உங்களுக்கு வலப்புறம், முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு எங்கள் அம்மா. கவுன்சிலர் திரையில் வந்ததும் முதல் கேள்வியே அதுதான்: "சுபா, இப்போ ரூம்ல தனியா இருக்கீங்களா? பக்கத்துல வேற யாரும் இல்லையே?"

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். அவன் தலையை ஆட்டினான்.

"தனியாத்தான் இருக்கேன் மேடம்" என்றீர்கள்.

ஏன் மதினி அப்படிச் சொன்னீர்கள்? அப்புறம் தூக்கம் எப்படி என்று கேட்டபோதும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறேன் என்றீர்கள். வீட்டில் யாராவது மனசு நோகப் பேசுகிறார்களா என்று கேட்டபோது, அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுதாங்க" என்றீர்கள். பாவம், கவுன்சிலரும் அதையெல்லாம் நம்பி எழுதிக்கொண்டிருந்தார். நல்லவர்தான் அவர். ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முடிந்ததும் நான் சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா? அம்மாவுக்குக் குற்றம் என்ன என்றே புரியவில்லை.

"ஏட்டி, நான் என்ன வேத்து ஆளா? குடும்பத்துக்கும் உண்டுன்னு அதுல போட்டிருக்குல்லா? எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன ரகசியம் வேண்டிக் கெடக்கு? திங்கதுக்குக் கொறையா, உடுத்ததுக்குக் கொறையா?"

"அம்மா, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. நீதானே சின்ன வயசுல சொல்லுவ?"

"அது திங்கதுக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குழம்புக்குத் தாளித்தாள்.

அண்ணன் இன்னும் மேல். "சப்போர்ட்டா கூட இருக்கோம்டி. அமெரிக்கன்ஸ் மாதிரி தனியா விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றான். சப்போர்ட்டாம்.

மறுவாரம் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்களைக் காய்கறிக் கடைக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனேன். லைப்ரரி பார்க்கிங்கில் காரை நிறுத்தி, உங்கள் போனில் கவுன்சிலரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நான் இறங்கிக் குளிரில் நடந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீங்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கையை ஆட்டிப் பேசி எத்தனை காலம் ஆகியிருந்தது! முகமெல்லாம் வீங்க அழுதுவிட்டு வெளியே வந்து, முதலில் என்ன சொன்னீர்கள்? "கோமதி, எனக்குப் பசிக்கி."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இரண்டு பேரும் கடைக்குப் போய்ச் சூடாகப் பஃப்ஸ் வாங்கி, கார் பானட்டிலேயே வைத்துத் தின்றோம். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அது எப்படியோ அவன் காதுக்குப் போனது. "வீட்டு விஷயத்தைப் பார்க்கிங் லாட்டில் வைத்துப் பேசும் அளவுக்கு என்ன வந்துவிட்டது?" என்று அவன் குதித்ததை நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு உங்களையே கவுன்சிலரிடம் பேசவைத்தான், அதே டைனிங் டேபிளில், அவன் முன்னால். இப்போது பரவாயில்லை மேடம், கொஞ்ச நாள் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லவைத்தான். நான் அவனிடம் போனில் கத்தினேன், கெஞ்சினேன். "உன் வேலையப் பாருட்டி" என்று வைத்துவிட்டான். அந்த வசந்தத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சரி, இப்போது அனு விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

உங்கள் மகள் ஹைஸ்கூலில் கிளாஸுக்குப் போகாமல் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, இவளுக்கு கவுன்சலிங் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவனால் முடியாது என்று சொல்ல முடியுமா? ஏற்பாடு பண்ணினான். எங்கே என்று நினைக்கிறீர்கள்?

டைனிங் டேபிளில்தான் மதினி. அதே டேபிள். அவன் எதிரே, அம்மா பக்கத்தில், அன்றைய வெங்காயத்துக்குப் பதில் இப்போது முருங்கைக்கீரை.

அனு பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு போன் செய்தாள். "அத்தை, தே வேர் ஆல் சிட்டிங் தேர். ஷி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ வாஸ் அலோன். ஐ செட் யெஸ்." தனியாக இருக்கிறாயா என்று கவுன்சிலர் கேட்டதற்கு, உங்களைப் போலவே இவளும் ஆமாம் என்றிருக்கிறாள். ஆபீஸில் மீட்டிங் நடுவே எழுந்து வெளியே வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தின்ற மேசையில் மகளையும் உட்காரவைத்துவிட்டார்களே, பாவிகள்! அந்த வெள்ளிக்கிழமையே டாலஸுக்கு விமானம் ஏறினேன்.

சனிக்கிழமை காலை அவனுடைய கூட்டம். நான் வருவதை யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூட கஃபட்டேரியாவை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். இட்லி, பொங்கல், காபி, அப்புறம் உங்கள் படம். அம்மா முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அனு. அண்ணன் நன்றாகத்தான் பேசினான், அதைச் சொல்லியாக வேண்டும். அழவேண்டிய இடத்தில் அழுதான். அருகில் இருப்பவர்களின் வலியைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றான். ஜனங்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எனக்கு எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது, ஆனால் மைக் கொண்டுவந்த பெண் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி அண்ணா. மதினிக்கு கவுன்சலிங் நடந்துச்சுல்லா, அது எந்த ரூம்ல நடந்துச்சு?"

"அது... ஆன்லைன்ல. வீட்லதான்."

"வீட்ல எந்த ரூம்?"

"கோமதி, இது பர்சனல். நாம அப்புறம் பேசலாம்."

"யாரெல்லாம் பக்கத்துல இருந்தீங்க? அத மட்டும் சொல்லு."

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவன் பதில் சொல்லியிருக்கவே மாட்டான், மதினி. நான் நினைத்ததும் அவன் முழிப்பதை நாலு பேர் பார்த்தால் போதும் என்றுதான். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அம்மா எழுந்துவிட்டாள். மருமகளை நாங்கள் கவனிக்கவில்லை என்று நான் சபையில் பழி போடுகிறேன் என்று அவளுக்கு ரோஷம்.

"என்னட்டி கேள்வி கேக்க? யாரு இருந்தாங்கன்னா? நாங்க எல்லாரும்தான் இருந்தோம்! டைனிங் டேபிள்ல வச்சு, இவன் எதுத்தாப்ல, நான் பக்கத்துலயே. அந்த டாக்டரம்மா தனியா இருக்கியான்னு கேக்கும்போதுகூட நாங்க அந்த எடத்த விட்டு நகரல. ஒரு நாளாவது அவள ஒத்தையில பேச விட்டிருப்போமா? கேளு, உங்க அண்ணன்கிட்டக் கேளு!"

பின்னால் யாரோ ஒரு பெண் "அய்யோ கடவுளே" என்றாள். இன்னொருத்தி திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அந்த மனுஷன் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தார். அம்மா மட்டும் வெற்றியோடு சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றாள், யாராவது ஆமாம் என்று சொல்வார்கள் என்று. ஒருத்தரும் சொல்லவில்லை. அண்ணன் மேடையிலிருந்து இறங்கி, சமையல்காரர்கள் போகிற வழியாக வெளியே போனான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது மதினி. பெற்ற தாயும் கூடப் பிறந்தவனும் சபையில் மானம் கெட்டார்கள், எனக்கு மனசு குளிர்ந்தது. இதற்குப் பாவம் உண்டென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இருந்திருந்தால், "ஐயோ கோமதி, விடு, அவங்க பாவம்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே போய்ச் சேர்ந்தீர்கள்?

பார்க்கிங்கில் அண்ணன் என்னைப் பிடித்தான். "மானத்த வாங்கிட்டியேடி. இப்போ திருப்தியா?"

"இல்ல. அனுவுக்கு ஒரு கதவு வேணும். அவ பேசும்போது சாத்தியிருக்கணும். இல்லன்னா உன் அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், அதுக்கு அடுத்ததுக்கும் வருவேன். டிக்கெட் போட எனக்கு என்ன, வேலைக்குப் போறேன்லா?"

அவன் உங்கள் படம் போட்ட பலகையைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டே, "சரி" என்றான். திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பள்ளிக்கூடத்திலேயே அனு பேசுவதற்கு ஓர் அறை தர ஒத்துக்கொண்டார்கள், அடுத்த வாரத்திலிருந்து. அவன் என் முன்னால் கையெழுத்துப் போட்டான்.

இந்த வாரத்துக்கு மட்டும் வீட்டில் பேசவேண்டியிருந்தது. மாடியில் அவள் அறைக்குள் அனுவை அனுப்பி, கதவைச் சாத்தி, வெளியே நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது காதில் விழக்கூடாது என்று இயர்போனை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா தட்டில் முறுக்கோடு படியேறி வந்தாள். பிள்ளைக்குப் பசிக்குமாம். நான் எழுந்திருக்கவில்லை. முறுக்குத் தட்டை நானே வாங்கித் தின்ன ஆரம்பித்தேன். அவளும் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து அனு வந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னட்டி சொன்ன அவங்ககிட்ட? ஆச்சியப் பத்திச் சொன்னியா?"

உங்கள் மகள் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஆச்சிக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

"சொல்ல மாட்டேன் ஆச்சி."

சொல்லிவிட்டு, என் தட்டில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். நீங்கள் ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்லியிருந்தால் என்ன மதினி?

இது என் வாக்கு. நான் அண்ணனை மன்னிக்கமாட்டேன். அம்மாவுக்கு மருந்து வாங்கி அனுப்புவேன், மன்னிக்கமாட்டேன். அவர்களை மன்னிக்கிற உரிமை உங்களுடையது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். அனு என்ன பேசுகிறாள் என்பதை அவளாகச் சொன்னாலொழிய நானும் கேட்கமாட்டேன், சாகும்வரை.

உங்கள் பக்கத்து ஆளாகவே இருக்கும்,
உங்கள் நாத்தனார்
கோமதி